மரண அறிவித்தலில் மட்டும் வரும் ஊர்ப்பெயர்கள்: பொது வானொலிக்குத் திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: இந்நாட்டின் பொது வானொலிகளில் தமிழ் நிகழ்ச்சிகளைத் தீர்மானிப்பவர்கள், தயாரிப்பவர்கள், அவற்றுக்குக் கையெழுத்து வைப்பவர்கள் எல்லோருக்கும்.

வணக்கம்.

நான் நாற்பது வருஷத்துக்கு மேல் திருகோணமலையில் ரேடியோ திருத்தியவன். மத்திய வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில் சின்னக் கடை. இப்போது கண் மங்கிவிட்டது. ஈயம் வைக்கும்போது கை நடுங்குகிறது. ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வருபவர்களும் குறைந்துவிட்டார்கள். ஆனாலும் காலையில் கடையைத் திறந்து, ஒரு பழைய செட்டைப் போட்டுக் கேட்டுக்கொண்டு குந்தியிருப்பேன். உங்கள் குரலைத் திருத்திக் கொடுத்தே மூன்று பிள்ளைகளைப் படிப்பித்தவன் நான். அதனால் இந்த மடலில் கோபம் இருந்தாலும் பகை இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

திருத்த வரும் ரேடியோவை மேசையில் வைத்ததும் நான் முதலில் பார்ப்பது முள் எங்கே நிற்கிறது என்பதைத்தான். அந்த வீட்டுக்காரர் எதைக் கேட்கிறார் என்பது அதில் தெரிந்துவிடும். எழுபதுகளின் கடைசியில் நான் தொழில் பழகிய நாள்களில் அநேகமாக எல்லா முள்ளும் கொழும்பில்தான் நின்றது. பாட்டு, நாடகம், அறிவிப்பாளர் அப்துல் ஹமீதின் குரல். எண்பத்து மூன்றுக்குப் பிறகு முள் மெல்ல இடம் மாறியது. சிற்றலைப் பக்கம் போனது. லண்டனிலிருந்து பி.பி.சி. தமிழோசை, மணிலாவிலிருந்து வெரித்தாஸ். இரவு ஒன்பதேகாலுக்குத் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு அதே குரல் கேட்கும். 1996இல் அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளிவிட்டது. 2006 ஏப்ரலில்தான் அது பழைய இடத்துக்குத் திரும்பியது. அந்தப் பத்து வருஷமும் தமிழோசை எத்தனை மணிக்கு என்று கேட்டால், 'புது நேரமோ, பழைய நேரமோ?' என்ற எதிர்க் கேள்விதான் முதலில் வரும். அப்போது போர்ப் பகுதிகளுக்குக் கொண்டுபோகத் தடைசெய்த பொருள் பட்டியலில் பற்றரியும் இருந்தது. மூதூர் கிழக்கிலிருந்து ஒருவர் சைக்கிள் டைனமோவில் ஓடுகிற மாதிரி ரேடியோவை மாற்றித் தரச் சொல்லி வந்தார். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மகன் பெடலைக் கையால் சுற்ற, தகப்பன் செய்தி கேட்பாராம். மகன் களைத்தால் செய்தியும் களைத்துவிடும் என்று சொல்லிச் சிரித்தார்.

முள் ஏன் நகர்ந்தது என்று உங்கள் கட்டடத்தில் யாராவது அந்த நாள்களில் கேட்டார்களோ தெரியாது. கடையில் இருந்த எனக்கு விடை தெரியும். சாம்பல்தீவில் நடந்ததை உப்புவெளிக்காரன் லண்டன் சொல்லித்தான் அறிந்தான். இரண்டு ஊருக்கும் இடையில் சைக்கிளில் போகிற தூரம். அந்தத் தூரத்தைக் கடக்கச் செய்தி கடல் கடந்து போய்த் திரும்ப வேண்டியிருந்தது. 2009 பெப்ரவரியில், தன் தமிழ், சிங்கள நிகழ்ச்சிகள் இங்கே மறு ஒலிபரப்பாகும்போது இடையில் வெட்டப்படுகின்றன என்று சொல்லி, லண்டன் நிறுவனமே பண்பலைக்கு அவற்றைக் கொடுப்பதை நிறுத்தியது. நாங்கள் திரும்பவும் சிற்றலைக்கு ஓடினோம். பிறகு 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு தமிழோசை வானொலியும் நின்றது. 1941இல் தொடங்கிய ஒலிபரப்பு. மறுநாள் ஒரு பெரியவர் செட்டைக் கொண்டுவந்து, 'தம்பி, இது பழுதாப் போச்சு' என்றார். திறந்து பார்த்தேன், பழுது ஒன்றும் இல்லை. அதை அவருக்கு எப்படிச் சொல்வதென்றுதான் கொஞ்சம் யோசித்தேன்.

சரி, பழங்கதை போதும். எதற்காக எழுதுகிறேன் என்பதற்கு வருகிறேன்.

என் கடைக்குள் யார் என்ன கதைத்துக்கொண்டிருந்தாலும் ஒன்றுக்கு மட்டும் வாயை மூடுவார்கள்: மரண அறிவித்தல். 'தம்பலகாமத்தைப் பிறப்பிடமாகவும் பாலையூற்றை வதிவிடமாகவும் கொண்ட' என்று அந்தக் குரல் தொடங்கினால் ஆளுக்கு ஆள் கையைக் காட்டிப் பேச்சை நிறுத்துவார்கள். கட்டைபறிச்சான், ஆலங்கேணி, ஈச்சிலம்பற்று, திரியாய், தென்னமரவடி. ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றும் நிதானமாக, எழுத்துப் பிசகாமல், மரியாதையோடு வரும். அன்னாரின் மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், இறுதிக்கிரியை நடக்கும் இடம், நேரம், கடைசியில் 'உற்றார், உறவினர், நண்பர்கள் யாவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்'. மற்ற நேரங்களில் நாங்கள் யார்? 'கிழக்கு மாகாணத்தின் சில பகுதிகள்'. மழை பெய்தாலும் அதே பெயர், மண் பறிபோனாலும் அதே பெயர். உயிரோடிருக்கும் கட்டைபறிச்சான்காரனுக்கு வானொலியில் இடம் கிடைப்பது கஷ்டம். செத்தால் ஒரு நிமிஷம் உண்டு. அதற்கும் காசு கட்ட வேண்டும்.

கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன், எனக்கே தெரியும். செய்தியில் திருகோணமலை வராமல் இல்லை. அமைச்சர் வந்தால் வருகிறது, அடிக்கல் நட்டால் வருகிறது, விபத்து நடந்தால் வருகிறது. என் முறைப்பாடு வேறு. ஒருமுறை சொல்லிவிட்டுப் போனால் நீங்கள் திரும்பி வருவதில்லை.

கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 நவம்பர் 23, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற நேரம். புதுப் பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்ததால் சனம் படகுப் பாதையில், அதாவது ஆளேற்றும் மிதவையில், கடந்துகொண்டிருந்தது. அது கவிழ்ந்தது. அன்றைக்கே ஆறு உயிர். அதில் சின்னப் பிள்ளைகள். என் மேசையில் இருந்த செட்டில் எந்தப் பக்கம் முள்ளைத் திருப்பினாலும் கிண்ணியாதான். மறுநாளும் கிண்ணியா. ஒரு வாரத்துக்குள் அடங்கிவிட்டது. அந்தப் படகுப் பாதையை ஓடவிட்டது யார், பாரம் எவ்வளவு என்று கணக்குப் பார்க்க அங்கே ஓர் ஆள் இருந்தாரா, அடுத்த மாதம் அந்தப் பிள்ளைகளின் வகுப்புத் தோழர்கள் எந்த வழியால் பள்ளிக்கூடம் போனார்கள், இந்த மாவட்டத்தில் வேறு எங்கெல்லாம் சனம் இப்படித் தண்ணீரைக் கடக்கிறது? இவற்றையெல்லாம் கிண்ணியாச் சனம் தேநீர்க் கடையில் பேசிக்கொண்டேதான் இருந்தது. ஒலிவாங்கி மட்டும் அங்கே இல்லை.

இன்னொன்று, சொல்லக் கொஞ்சம் நெஞ்சு வேண்டியது. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, காந்தி சிலைக்குக் கிட்டக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குண்டு வெடித்துச் செத்தார்கள் என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. சுடர் ஒளிப் பத்திரிகைச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. அதே மாதம் 24ஆம் திகதி அவரும் இதே நகரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர்களின் வழக்கு 2019 ஜூலை 3 வரை இழுபட்டது. அன்று, சாட்சியம் போதாது என்று சந்தேக நபர்கள் 13 பேரும் திருகோணமலை நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டார்கள். இந்தக் கடைசி வசனத்தைச் செய்தியாகக் கேட்டோம். அதற்குப் பிறகு? ஒரு கொலை வழக்கில் சாட்சிகள் ஏன் நாட்டை விட்டுப் போகிறார்கள், நீதவான் முன் நடப்பது எந்த வகை விசாரணை, அங்கே விடுவித்தால் எல்லாம் முடிந்ததா, சட்டமா அதிபருக்கு இன்னும் வழி இருக்கிறதா? ஒரு சட்டத்தரணியைக் கூப்பிட்டு, அரை மணித்தியாலம், சாதாரணத் தமிழில் இதை விளங்கப்படுத்தியிருக்கலாம். அது எந்த அரசாங்கத்துக்கும் எதிரான பேச்சில்லை. பெற்றோருக்கும் ஊருக்கும் கொடுக்க வேண்டிய கணக்கு. இப்போதும் ஒவ்வொரு ஜனவரியும் அந்த இடத்தில் விளக்கு வைக்கிறார்கள். நகரத்தின் நடுவில்தான், தேடிப் போக வேண்டிய இடமல்ல.

சம்பூரும் அப்படித்தான். 2006இல் சனம் ஊரைவிட்டு ஓடியது. ஊர்க் காணி சிறப்பு வலயம் ஆனது. இந்தியாவோடு சேர்ந்து அங்கே அனல்மின் நிலையம் என்றார்கள். 2015க்குப் பிறகு சனம் கட்டம் கட்டமாகத் திரும்பியது. 2016இல் அனல்மின் திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. இவை ஒவ்வொன்றையும் தனித்தனிச் செய்தியாகக் கேட்டிருக்கிறேன். ஒரே மூச்சில், ஒரே நிலத்தின் கதையாக ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. முத்துநகர் விவசாயிகள் 2025இல் தங்கள் வயல் சூரிய மின் திட்டத்துக்குப் போகிறது என்று மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் நாள்கணக்காகக் குந்தியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் என் பழைய வாடிக்கையாளர், பெரிய ரேடியோப் பைத்தியம். 'நான் எல்லாரையும் கேட்டன், என்னை ஒருத்தரும் கேக்கல்ல' என்றார். சூரிய மின்சாரம் வேண்டும் என்பவன் நான். அதற்காக வயற்காரன் பேசக்கூடாது என்று இருக்கிறதா? அரச அதிகாரி தன் நியாயத்தைச் சொல்லட்டும், துறைமுகக் காணி என்றால் அதன் பத்திரத்தை எடுத்து வாசிக்கட்டும், விவசாயியும் அதே மேசையில் இருக்கட்டும்.

டித்வா புயல் வந்த வாரத்தைப் பற்றி எழுதாமல் இந்த மடலை முடிக்க ஏலாது.

2025 நவம்பர் கடைசி. மின்சாரம் போய், கைபேசிக் கோபுரங்களும் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. வருஷக்கணக்காகக் காணாத முகங்கள் என் கடைக்கு வந்தன. அட்டாலியில் கிடந்த, கறையான் ஏறின, மூடி உடைந்த ரேடியோக்களோடு. ஒரே நாளில் பதினொன்று திருத்தினேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை. பற்றரி ஒழுகிக் கம்பி துருப்பிடித்திருக்கும், சுரண்டிவிட்டால் பாடும். ரேடியோ செத்துவிட்டது என்று சொல்கிறவர்களை அன்றைக்கு என் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்க வேண்டும்.

ஆனால் ரேடியோ என்ன சொன்னது? 'மன்னம்பிட்டியில் மகாவலியின் நீர்மட்டம் இத்தனை மீற்றர்.' அந்த எண் சரியாகத்தான் இருந்திருக்கும். வெருகலில் இருக்கும் என் மைத்துனி, தொலைபேசித் தொடர்பு அறுந்து போவதற்கு முன் கடைசியாகக் கேட்டது: 'அத்தான், தண்ணி கோயிலடிக்கு எப்ப வரும்?' நெல் மூட்டையை மேலே ஏற்றுவதா, மாட்டை அவிழ்த்துவிடுவதா, அம்மாவைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு இப்போதே வெளிக்கிடுவதா? அவளுக்கு மீற்றர் தேவையில்லை. மன்னம்பிட்டியில் இவ்வளவு ஏறினால் வெருகலுக்கு எத்தனை மணித்தியாலத்தில் வந்து சேரும், எந்த வீதி முதலில் போகும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். நீர்ப்பாசனத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள், வெருகலாற்றில் வலை போடுகிறவர்கள். அவர்களில் ஒருவரை வானொலியில் பேசவிட்டிருந்தால் போதும். நவம்பர் 30ஆம் திகதி மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தது. மாவிலாறு என்றால் 2006 ஜூலையில் மதகு மூடப்பட்ட இடம், அதில்தான் போர் திரும்பவும் பற்றிக்கொண்டது. அப்போது அந்தப் பெயரை உலகம் முழுக்கச் சொன்னார்கள். அதே மாவிலாற்றுக்குக் கீழே இருக்கும் கிராமங்களின் பெயர்களை இந்த முறை வானொலியில் ஒவ்வொன்றாகச் சொல்லக் கேட்க நான் இரவு முழுக்க முழித்திருந்தேன். பழைய ஆள்கள் அன்றிரவு கந்தளாயைப் பற்றியே கதைத்தார்கள். 1986 ஏப்ரல் 20, குளக்கட்டு உடைந்த அதிகாலை. அப்போது சொல்ல ஆளில்லை. இப்போது ஆள் இருந்தும் கேட்க ஆளில்லை. (மைத்துனியும் குடும்பமும் பாடசாலை ஒன்றில் ஏறித் தப்பினார்கள். மாடு இரண்டு போய்விட்டது.)

ஆழிப்பேரலை நேரத்தில் கிண்ணியாவிலிருந்து ஒருவர் உப்புத் தண்ணீர் குடித்த ரேடியோவோடு வந்தது ஞாபகம் வருகிறது. நல்ல தண்ணீரில் கழுவி, ஸ்பிரிட் பூசி, வெயிலில் காயவைத்து ஓடவைத்தேன். 'காக்கா, பாட்டு வேணாம். பேர் வாசிக்கிற ஸ்டேஷன் எதுவோ, அதில முள்ள வெச்சுத் தாங்க' என்றார். காணாமல் போனவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்த நாள்கள் அவை. வைத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அந்தச் சில வாரங்கள் வானொலி எங்கள் வானொலியாக இருந்தது. ஆகவே ஏலாது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

'கேட்பவருக்கு இவ்வளவு உரிமை உண்டா?' என்று யாராவது புருவத்தை உயர்த்தினால், இந்த நாட்டின் உயர் நீதிமன்றம் முன்பே பதில் சொல்லியிருக்கிறது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தில் முறைசாராக் கல்வி நிகழ்ச்சி ஒன்று போய்க்கொண்டிருந்தது. நேயர்களும் அதில் சேர்ந்து பேசினார்கள். 1995இல் அதைத் திடீரென்று நிறுத்தினார்கள். விமல் பெர்னாண்டோ என்ற நேயர் வழக்குப் போட்டார். 1996இல் தீர்ப்பு. நிகழ்ச்சியில் பங்கெடுக்கும் நேயரின் வாயை அப்படிக் காரணமில்லாமல் மூடினால் அது அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரையில் உள்ள பேச்சுச் சுதந்திரத்தை மீறுவதாகும் என்று நீதிமன்றம் கண்டது. அடுத்த வருஷம், 1997இல், ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் வந்தபோது அதே நீதிமன்றம், அலைவரிசைகள் பொதுச் சொத்து, அரசாங்கம் அவற்றுக்கு மக்களுக்காகக் காவல் நிற்கும் நம்பிக்கைப் பொறுப்பாளர் என்று சொல்லி அந்தச் சட்டமூலத்தைத் தடுத்தது. நான் சட்டம் படித்தவன் அல்ல. ஆனால் இந்த இரண்டு தீர்ப்பையும் ஒரு பேப்பரில் எழுதிக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன், சரஸ்வதி படத்துக்குக் கீழே. வருகிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டுவேன். பாதிப்பேர் எழும்பிப் போய்விடுவார்கள், அது வேறு விஷயம்.

வேறு நாட்டுக் கதை ஒன்றும் சொல்கிறேன், மருமகன் அமெரிக்காவில் இருப்பதால் தெரிந்தது. இங்கே வானொலி கூட்டுத்தாபனமானது 1967 ஜனவரியில். அங்கே பொது ஒலிபரப்புச் சட்டத்தில் ஜனாதிபதி கையெழுத்து வைத்தது அதே 1967 நவம்பரில். அந்தச் சட்டத்தின் வழியாக வந்த தேசியப் பொது வானொலி, 1971 மே 3ஆம் திகதி தன் முதல் மாலைச் செய்தி நிகழ்ச்சியைத் தொடங்கியது. அன்று வாஷிங்டன் தெருக்களில் வியட்நாம் போருக்கு எதிரான ஆர்ப்பாட்டம். முதல் நாளே தெருவுக்கு இறங்கி அந்தச் சத்தத்தை அப்படியே எடுத்துப் போட்டார்கள். அரசாங்கத்தின் காசு வாங்கிக்கொண்டே அரசாங்கம் நடத்திய போருக்கு எதிரான சத்தத்தை ஒலிபரப்பினார்கள். அங்கேயும் எல்லாம் தேன் என்று நினைக்காதீர்கள். 2025 ஜூலையில் பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கிய 110 கோடி டொலரை அவர்களின் காங்கிரஸ் திருப்பி எடுத்துக்கொண்டது. கிராமப்புறத்துச் சின்ன நிலையங்களுக்குத்தான் பெரிய அடி. காசு கொடுக்கிற கைக்கும் பேசுகிற வாய்க்கும் நடுவில் ஒரு சுவர் வேண்டும் என்று அவர்களே இப்போதுதான் திரும்பப் படிக்கிறார்கள்.

எங்கள் ஊரில் இன்னொரு வேடிக்கை உண்டு. நகரத்துக்கு வடக்கே, நிலாவெளிப் பக்கம், ஜெர்மன்காரரின் டொய்ச்சே வெல்லே வானொலி எண்பதுகளில் ஒரு மறு ஒலிபரப்பு நிலையம் அமைத்தது. பனையை விட உயரமான கோபுரங்கள். உலகத்துப் பாஷைகள் பலவும் எங்கள் மண்ணிலிருந்து வானத்துக்கு ஏறின. கிட்ட இருந்த வீடுகளின் செட்டுகளில் முள் எங்கே நின்றாலும் அந்தக் குரல்தான் முந்திக்கொண்டு வரும். ஒரு சுருளும் கண்டென்சரும் வைத்துத் தடுத்துக் கொடுப்பேன். அந்தக் காலத்தில் எனக்கு அதுவே நல்ல பிழைப்பு. பிறகு ஜெர்மன்காரர் போய்விட, நிலையம் நம் நாட்டின் கைக்கு வந்துவிட்டது. ஆக, இவ்வளவு பெரிய கோபுரங்கள் நிற்கும் மாவட்டத்தில், முத்துநகர்க்காரர் தன் வயலைப் பற்றி ஐந்து நிமிஷம் பேச வழியில்லை என்றால், பழுது மின்சுற்றில் இல்லை. நாற்பது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன்.

என்ன வேண்டும் என்று கேட்டால், பெரிய கட்டடம் கேட்கவில்லை, புது அலைவரிசைகூடக் கேட்கவில்லை. கிழமைக்கு ஒரு மணித்தியாலம். அதை இங்கே இருந்து செய்ய, இந்த ஊர்ப் பேச்சு தெரிந்த இரண்டு பேர், கையில் ஒலிப்பதிவுக் கருவி. இந்த மாவட்டத்தில் பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகள். ஒரு கிழமைக்கு ஒன்று என்று போனாலும் மூன்று மாதத்துக்குள் முதலில் போன இடத்துக்குத் திரும்பி வந்துவிடலாம். அந்தத் திரும்பி வருதல்தான் எனக்கு முக்கியம். போன தடவை அதிகாரி இப்படிச் சொன்னார் என்று அவர் குரலையே போட்டுக் காட்டிவிட்டு, இன்றைக்கு என்ன நிலை என்று கேளுங்கள். கேட்டதை அழித்துவிடாமல் வையுங்கள். நாடாவை மேல் எழுதி மேல் எழுதிப் பாவித்த காலம் போய்விட்டது. ஆயிரம் மணித்தியாலம் இப்போது என் சட்டைப் பைக்குள் அடங்கும்.

பேச்சை மட்டும் தயவுசெய்து திருத்தாதீர்கள். கிண்ணியா உம்மாவின் பேச்சும், மூதூர், வெருகல் பக்கத்துக் கரையோர வேடரின் பேச்சும், தம்பலகாமத்து வயற்காரன் பேச்சும் தமிழ்தான். செய்தி வாசிப்பவர் சுத்தமாக வாசிக்கட்டும். சனம் சனத்தின் வாயாலேயே பேசட்டும். கோமரங்கடவலையிலும் சேருவிலையிலும் யானைக்கு வயலைக் கொடுத்துவிட்டு நிற்கும் சிங்களக் கமக்காரரின் குரலையும் எடுத்துத் தமிழில் சொல்லுங்கள். எங்கள் சனம் அதைக் கேட்டால் குறைந்து போகாது.

எங்கள் பக்கத்துக் குறையையும் மறைக்க மாட்டேன். 2018இல் இந்த நகரத்தில் ஒரு பாடசாலையில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா உடுத்து வருவது பற்றிப் பெரிய சண்டை வந்தது. மனித உரிமைகள் ஆணைக்குழு வரை போனது. அந்த வாரங்களில் என் கடைக்கு இரண்டு பக்கத்தாரும் வந்தார்கள். ஒரு பக்கத்தார் உள்ளே இருந்தால் மற்றப் பக்கத்தார் வாசலில் நின்று, 'பிறகு வாறன்' என்று போய்விடுவார்கள். இருபது வருஷமாக ஒரே வாங்கில் இருந்து தேநீர் குடித்தவர்கள். ஆளுக்கு ஆள் கைபேசியில் வந்த ஒலித்துண்டுகளைப் போட்டுக் காட்டினார்கள், ஒன்றைவிட ஒன்று மோசம். அப்படியான நேரத்தில் இரண்டு பக்கத்துத் தாய்மாரையும் ஒரே ஒலிவாங்கிக்கு முன்னால் இருத்தி, கத்தவிடாமல், ஒரு மணித்தியாலம் கேட்க வைக்கும் இடம் பொது வானொலியைத் தவிர வேறு எது? விளம்பரக்காரனுக்குப் பயப்படுகிற வானொலி அதைச் செய்யாது.

உங்களுக்கும் பயம் இருக்கும். மேலிடத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு, இடமாற்றம், பதவி உயர்வில் தாமதம். சுகிர்தராஜனுக்கு நடந்தது தெரிந்த ஊரில் இருந்துகொண்டு, பயப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் சின்னதாகத் தொடங்கச் சொல்கிறேன். முதல் கிழமை படகுப் பாதை. அடுத்த கிழமை வெள்ள நிவாரணத்தில் யாருடைய பெயர் விடுபட்டது. அதற்கடுத்த கிழமை கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறுகளைப் பற்றி அங்கே நிற்கும் எல்லோருக்கும் என்ன கதை தெரியும் என்று கேளுங்கள். தமிழருக்கு ஒன்று, சிங்களவருக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று இருக்கும். மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுவிட்டு நீங்கள் சும்மா இருங்கள்.

முன்பு ஒருமுறை ஒரு வானொலிக்கு இதைச் சுருக்கமாகக் கடிதத்தில் எழுதினேன். பதில் வந்தது. என் பிறந்த நாளைச் சொன்னால் வாழ்த்தோடு ஒரு பாட்டுப் போடுவார்களாம். அன்பாகத்தான் எழுதியிருந்தார்கள்.

இடம் இல்லை என்று மட்டும் காரணம் சொல்ல வேண்டாம். என் கடையின் பின்னறை சும்மாதான் கிடக்கிறது. எட்டடிக்குப் பத்தடி. சுவரில் பழைய முட்டை அட்டையும் சாக்கும் அடித்தால் எதிரொலி நிற்கும், நானே அடித்துத் தருகிறேன். மழை பெய்தால் மட்டும் தகரத்தில் சத்தம் வரும், அந்த நேரம் நிறுத்தி வைக்க வேண்டும். புதன்கிழமைகளில் நான் கிளினிக்குக்குப் போய்விடுவேன். அன்றைக்கு வந்தால் சாவி பக்கத்துச் சலூனில் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ரேடியோ திருத்துநர்,
திருகோணமலை.